கூண்டு இறக்கிய பின்

'அனுப்பு' என்ற பொத்தான்
வலது மூலையில் நீலமாக இருந்தது.
வியாழக்கிழமை
இடது மூலைக்குப் போய்ப் பச்சையாகிவிட்டது.
கோயம்புத்தூரில் யாரோ அரை நிமிடம் யோசித்திருப்பார்.
இங்கே பாம்பனில்
என்னுடைய இருநூற்றுப் பதினான்கு படங்கள் பொய்யாயின.

விசைப்படகுக்காரர்கள் டோக்கன் வாங்கும் செயலி அது.
அதற்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
திரைப்படம் எடுக்கிறேன் என்பேன்.
திரையைப் பிடி, வெட்டு,
அம்பு போடு, சிவப்பு வட்டம் போடு, சேமி.
கடைசிப் படத்தை ஒட்டும்போது
முதல் படம் பழசாகியிருக்கும்.

"எழுத்தை யாருக்கா படிக்கிறா,
படத்துல உள்ள பொத்தானைக் காணோம்னுதான்
வந்து நிக்கிறாக"
என்பாள் டோக்கன் அறை நம்புசெல்வி.

அதனால் ஒரு நிரல் எழுதினேன்.
புதுப் பதிப்பு வரும் வியாழன் இரவு
இரண்டு மணிக்கு எழுந்துகொள்ளும்.
கெபிஸ்டன் என்ற பெயரில் உள்ளே நுழையும்.
(கெபிஸ்டன் நான் செய்த ஆள்.
படகு உண்டு, டீசல் அட்டை உண்டு,
கடன் மட்டும் வைக்கவில்லை.)
ஒவ்வொரு திரையாகத் தட்டிப் பிடிக்கும்.
பழைய படத்தின் மேல் புதியதை வைத்துப்
புள்ளி புள்ளியாய் ஒப்பிடும்.
மாறியதை மட்டும் மாற்றும்.

முதல் நாள்
எல்லாமே மாறிவிட்டதாகச் சொன்னது.
மூலையில் கடிகாரம் ஓடுகிறதே!
பத்து பத்தில் நிறுத்தினேன்.
பேட்டரியை நிரப்பினேன்.
சிக்னல் கோடு நான்கையும் நிமிர்த்தினேன்.
பாம்பனில் நான்கு கோடு நான் கண்டது
அந்தக் கையேட்டில்தான்.

பிறகு வியாழன்களில் தூங்கினேன்.

ஐப்பசிக் கடைசியில் காற்று கிளம்பியது.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
தகரம் ஒன்று தெருவில் உருண்டுகொண்டே இருந்தது.
நிரல் ஓடுவதோ
எங்கேயோ ஒரு வாடகைக் கணினியில்.
அன்று வியாழன் என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கூண்டை இறக்கினார்கள்.
சுள்ளென்று வெயில்.
ஈர மணலில் மறுபடி காரலைப் பரப்பியிருந்தார்கள்.
நம்புசெல்வி கூப்பிட்டாள்:
"அக்கா, கையேட்டுல பக்கத்துக்குப் பக்கம்
கடலுக்குப் போகாதீங்கன்னு இருக்கு.
ரெண்டு பேரு திரும்பிப் போய்ட்டாக."

திறந்தேன்.
படம் தவறாமல் நெற்றியில் சிவப்புப் பட்டை.
மீன் விலைப் பக்கத்தில்,
கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில்கூட.
அதன் மேலே
பத்து பத்து, முழு பேட்டரி, நான்கு கோடு.

கூண்டை இறக்கக் கயிறு இருக்கிறது, ஓர் ஆளும் இருக்கிறார்.
படத்தை யார் இறக்குவது?

பட்டையை மறைக்க ஒரு வரி எழுதிக்கொண்டே
பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.
அறுபத்தொன்றில் கை நின்றது.
சிவப்புப் பட்டை. அதன் கீழே
இடது மூலையில் அந்தப் பச்சைப் பொத்தான்.
அதற்கும் கீழே:
'டோக்கன் வழங்கப்பட்டது. கெபிஸ்டன்.'

புயலில் பொத்தான் பூட்டிக்கொள்ளும்
என்று கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.
அதற்கு மட்டும் படம் கிடையாது.
காற்று வீசும் ராத்திரியில்
யார் உட்கார்ந்து படம் பிடிப்பது?

அந்த இரவு பாம்பனிலிருந்து
ஒரே ஒரு படகு கடலுக்குப் போயிருக்கிறது.

படத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.
அம்பு போட்டேன், சிவப்பு வட்டம் போட்டேன்.
நாலு வார்த்தைதான் எழுதினேன்:
இது நிஜ ஆளாக இருந்திருந்தால்?

அடுத்த வியாழன்
பட்டை வந்தால் பொத்தான் சாம்பல் நிறமாகும் என்றார்கள்.
இருநூற்றுப் பதின்மூன்றில் பட்டையை மறைத்தேன்.
ஒன்றை விட்டுவைத்தேன்.

மடிக்கணினியை மூடப்போனவள்
பட்டியலைப் பார்த்தேன்.
கடலில் உள்ள படகுகள்: ஒன்று.
போகத்தான் நிரலுக்குச் சொல்லியிருந்தேன்,
வரச் சொல்லவில்லை.

'கரை திரும்பினார்' பொத்தானை
நானே அழுத்தினேன்,
விரலால்.